அக்காவின் பெயரில் பதினாறு வருஷம்

1

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அக்காவின் திதி வந்தது. அவள் போய்ப் பதினாறு வருஷம் முடிந்துவிட்டது.

நம் மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதி அனுப்பு என்று மாயவரத்திலிருந்து என் சிநேகிதி பங்கஜம் மூன்று கடிதம் போட்டுவிட்டாள். ரப்பர் மரம் எப்படி இருக்கும், சீனர்கள் என்ன சாப்பிடுவார்கள், அங்கே பெண்கள் தனியாகவே கடைத்தெருவுக்குப் போவார்களாமே என்றெல்லாம் கேட்கிறாள். ரப்பர் மரத்தை நான் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாக நிற்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்கிற பகுதியில், ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறேன். கையெட்டும் தூரத்தில் தண்டவாளம். காயப்போட்ட வெள்ளைப் புடவையைச் சாயங்காலம் எடுத்தால் கரி படிந்திருக்கும். இதையெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள்? ஆகையால் எனக்கு நடந்ததையே எழுதுகிறேன். பங்கஜத்துக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போடட்டும்.

திதியன்று அத்தான் வேலைக்குப் போகவில்லை. இலை போட்டு, அக்காவின் படத்துக்குப் பூச் சாத்தி, எதிர்வீட்டு ராசம்மா அக்காவுக்குப் பாயசம் கொடுத்தனுப்பினேன். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க அவளே வந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மங்களம். ஆனாலும் அபயம் கைப்பக்குவம் வராது. அவ வெச்சா தெருவே மணக்கும்."

வருஷா வருஷம் இதே பேச்சுத்தான். நானும் வருஷா வருஷம் சிரித்துக்கொண்டே பாத்திரத்தை வாங்கி வைக்கிறேன். இந்த வருஷம் சிரிக்க முடியவில்லை. எனக்கு இப்போது முப்பத்துமூன்று வயது. அக்கா இருபத்திரண்டில் செத்துப்போனாள். அவளைவிடப் பதினொரு வயது மூத்தவளாகிவிட்டேன். இன்னமும் நான்தான் சின்னவள், கைப்பக்குவம் வராதவள்.

2

அக்காவின் பெயர் அபயாம்பாள். எங்கள் அப்பா தபால் ஆபீஸில் வேலை பார்த்தார். அம்மா நோயாளி. அடுப்படி வேலைக்காக அக்காவை இரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். நான் ஐந்தாவது வரை படித்தேன். அக்காவை மலாய் நாட்டில் ரயில்வேயில் வேலையாயிருந்த அத்தானுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவள் கப்பலேறிப் போன பிறகு எங்கள் வீட்டில் என் பெயரைவிட அவள் பெயர்தான் அதிகம் கேட்டது. "அபயத்தைப் பார்! கடல் தாண்டிப் போய்க் குடித்தனம் நடத்துகிறாள். உனக்கு உலை வைக்கத் தெரிகிறதா?" என்பார் அப்பா. அவளிடமிருந்து கடிதம் வரும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். "பார்! இரண்டாம் வகுப்போடு நின்றவள் போன இடத்தில் எப்படிக் கற்றுக்கொண்டிருக்கிறாள்! நீயும் ஐந்தாவது படித்தாயே, உன் கோழிக்கிறுக்கலைப் பார்!"

பிறகு ஒரு தந்தி வந்தது. மூன்று நாள் ஜுரம், முடிந்துவிட்டது. இரண்டு மாதத்தில் அத்தான் லீவு எடுத்துக்கொண்டு, இரண்டு வயதுக் குழந்தை தனத்தைத் தூக்கிக்கொண்டு மாயவரம் வந்தார். குழந்தை யாரிடமும் போகவில்லை. என் முகத்தில் என்ன ஜாடையைக் கண்டதோ, என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அப்பா, "வேறு யார் இருக்கிறார்கள்? நீதான் போக வேண்டும்" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கியிருக்க மாட்டேன்.

மாயவரத்துக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அலையில் வாந்தி எடுத்து, கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, தொற்றுநோய்க்குப் பயந்து வைத்திருக்கும் முகாமில் நாள் கணக்கில் அடைந்து கிடந்து ஒருவழியாகக் கோலாலம்பூர் வந்து சேர்ந்தோம். மறுநாள் அத்தான் வேலைக்குத் திரும்பியதைப் பதிய ஆபீஸுக்குப் போனார். வழி தெரிந்துகொள்ளட்டும் என்று என்னையும் அழைத்துப்போனார். குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள். அந்தக் கிராணி வேலைக்குப் புதிதாக வந்தவர். குவார்ட்டர்ஸ் பட்டியலை எடுத்து, "மனைவி அபயாம்பாள், பெண் குழந்தை ஒன்று. சரிதானே?" என்று கேட்டார்.

குழந்தையை வைத்துக்கொண்டு நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அத்தான் திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"சரி" என்றார்.

அன்று முதல் ரயில்வேத் தாள்களில் நான் அபயாம்பாள்.

3

முதல் வருஷம் எனக்குப் பாஷை தெரியாது. பலகாரம் விற்கும் மலாய்க்காரி ஒருத்தி காலையில் வருவாள். நான் வாங்கித் தின்றுகொண்டிருந்தபோது, "சுடா?" என்று கேட்டாள். நான் பலகாரத்தைத் தொட்டுப் பார்த்து, "இல்லை, ஆறிப்போச்சு" என்றேன். அவள் திரும்பத் திரும்ப "சுடா? சுடா?" என்கிறாள், நான் "ஆறிப்போச்சு, ஆறிப்போச்சு" என்கிறேன். அவர்கள் பாஷையில் சுடா என்றால் 'ஆயிற்றா' என்று அர்த்தம். தட்டைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள். தெருவே சிரித்தது. சிரித்து முடித்ததும் ராசம்மா அக்கா சொன்னாள்: "அபயமா இருந்தா மலாய்க்காரியோட மலாய்க்காரியாப் பேசுவா."

அப்படி ஆரம்பித்தது. கோலம் போட்டாலும் அபயம், துணி தோய்த்தாலும் அபயம். அத்தான் மாத்திரம் வாய்விட்டு ஒப்பிட்டதில்லை. அவர் அதிகம் பேசாதவர். ஆனால் குழம்பை வாயில் வைத்ததும் ஒரு நொடி நிறுத்துவார் பாருங்கள், அந்த ஒரு நொடி எனக்குப் போதும். சுவரில் அக்காவின் படம் இருக்கிறது. சீனன் ஸ்டூடியோவில் நாற்காலி மேல் கை வைத்து நிமிர்ந்து நிற்கிறாள். எதற்கும் அஞ்சாதவள் மாதிரி ஒரு பார்வை. அந்தப் படத்துக்கு முன்னால்தான் நான் தினம் கூட்டிப் பெருக்கி, சமைத்து, பரிமாறி, தோற்றுப்போனேன்.

எனக்குப் பிறந்தவை இரண்டும் தங்கவில்லை. இரண்டு தடவையும் ரயில்வே ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கும் டிரெஸர், "அபயாம்பாள்!" என்று சீட்டைப் பார்த்துக் கூப்பிடுவார். எழுந்து போவேன். என் குழந்தைகள் பிறந்ததும் போனதும் அக்காவின் பெயரிலேயே பதிவாயின. பெயரை மாற்றக் கூடாதா என்று அத்தானை ஒரே ஒரு தடவை கேட்டேன். "அதுக்கு நூறு கேள்வி கேப்பான். சும்மா இரு" என்றார். சும்மா இருந்துவிட்டேன்.

4

தனத்துக்கு இப்போது பதினெட்டு வயது. கன்னியாஸ்திரீகள் நடத்தும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துச் சீனியர் பரீட்சை தேறிவிட்டாள். என்னைச் சித்தி என்பாள். இந்த வார்த்தை ஒரு வசதி. தாயின் தங்கையும் சித்தி, தகப்பனின் இரண்டாந்தாரமும் சித்தி. அவள் எந்தச் சித்தியைக் கூப்பிடுகிறாள் என்று நான் கேட்டதில்லை.

பத்து வயது வரைக்கும் என் முந்தானையை விடாமல் சுற்றியவள்தான். பிறகு எப்போது விலகினாள் என்று சொல்லத் தெரியவில்லை. சிநேகிதிகள் வந்தால், இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' ஒட்டி இங்கிலீஷில் பேசுவார்கள், நான் காப்பி கொடுக்கப் போனால் நிறுத்துவார்கள். அவள் தமிழில் எழுதினால் என் கோழிக்கிறுக்கலே தேவலை.

திதிக்குக் கொஞ்சம் முன்னால், அவள் படித்த பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கூடவே வாத்தியாரம்மாப் பயிற்சி. அத்தானுக்கு இஷ்டமில்லை. காலம் சரியில்லை. தோட்டங்களில் வேலையில்லையென்று ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்புகிறார்கள். ரயில்வேயிலும் ஆள் குறைக்கப் போவதாகத் தினம் ஒரு பேச்சு. தனக்கு வேலை இருக்கும்போதே பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்றார். கிள்ளானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கேட்டனுப்பியது நாகம்மாள் என்கிற அம்மாள். அக்கா இருந்த காலத்தில் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்கள், நான் வருவதற்கு முன்பே மாற்றலாகிப் போய்விட்டார்கள். பையன் அந்த அம்மாளுடைய தம்பி மகன், கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் இருக்கிறான், துறைமுகத்தில் வேலை.

தனம் என்னிடம் வந்தாள்.

"சித்தி, அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க. எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம்."

"நான் சொன்னா கேக்கவா போறாரு?"

"நீங்க சொல்லவே மாட்டீங்க. எப்பவும் இப்படித்தான் லா நீங்க." அவள் கண் சுவரில் இருந்த படத்துக்குப் போனது. "எங்கம்மா இருந்திருந்தா எனக்காகப் பேசியிருப்பாங்க."

நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். புடைத்துக்கொண்டே இருந்தேன். ராசம்மா அக்கா சொன்னதெல்லாம் காதோடு போய்விடும். இது அப்படிப் போகவில்லை.

5

திதி கழிந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் எங்கள் இருவரையும் கிள்ளானுக்கு அனுப்பினார். "நாகம்மா அக்காவுக்கு நம்ம பெண்ணைப் பார்க்கணுமாம், போய்ட்டு வாங்க" என்றார். ரயிலில் தனம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். நாகம்மாள் அக்காவோடு நெருங்கிப் பழகியவள், என்னைத் தலை முதல் கால் வரை அளப்பாள் என்று தெரியும். அதற்குத் தயாராகப் போனேன்.

நாகம்மாள் விதவை, பருத்த உடம்பு, முழங்கால் வலி. வாசலுக்கு எழுந்து வர முடியவில்லை. தனத்தைக் கிட்டே இழுத்து முகத்தைத் தடவி அழுதாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

"நீதான் அந்த மங்களமா? ஆத்தாடி! உன் பேரைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சே!"

எனக்கு விளங்கவில்லை. "என் பேரையா?"

"பின்னே? ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவா. 'மங்களமா இருந்தா இதை ஒரு நொடியிலே முடிச்சிடுவாக்கா, எனக்குத்தான் கை வரலே. மங்களம் புத்திசாலிக்கா, அஞ்சாவது படிச்சவ, அவளைத்தான் இங்கே கட்டிக்கொடுத்திருக்கணும், அப்பா ஆள் மாறி என்னை அனுப்பிட்டாரு.' இதே புலம்பல்தான். வந்த புதுசிலே ஆறு மாசம் அழுதா அந்தப் பொண்ணு. சோறு குழைஞ்சிடும், இல்லேன்னா அடிப்பிடிச்சிடும். பலகாரக்காரி வந்தா கதவைச் சாத்திக்கிட்டு என்னைக் கூப்பிடுவா, பாஷை தெரியாம பயம்."

"அக்காவா?"

"உங்கக்காதான். வேற யாரு?"

"எங்களுக்குக் கடிதம் எழுதுவாளே..."

நாகம்மாள் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரர் எழுதினதம்மா அதெல்லாம். அவருக்குக் கையெழுத்து நல்லா இருக்கும். இவ பக்கத்திலே உக்காந்து, நல்லா இருக்கேன்னு எழுதுங்கண்ணே, சந்தோஷமா இருக்கேன்னு எழுதுங்கண்ணேம்பா. எழுதி முடிச்சதும் மூக்கைச் சிந்திட்டுப் போவா. உங்கப்பா பதில் போடுவாரு. மங்களம் திருக்குறள் ஒப்பிக்கிறா, நீயும் இருக்கியேன்னு எழுதுவாரு. அதைப் படிச்சுச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டு ரெண்டு நாள் பேசமாட்டா."

அப்பா அவளுக்கு அப்படி எழுதியது எனக்குத் தெரியாது. அவர் அவளைக் காட்டி என்னை அடித்தார், என்னைக் காட்டி அவளை அடித்திருக்கிறார். அடித்தது பிரியத்தினால்தான் என்று இப்போதும் நம்புகிறேன். என்ன பிரயோஜனம்?

"ராசம்மா அக்கா வேற மாதிரியில்லே சொல்றாங்க. அக்கா பாயசம் வெச்சா தெருவே மணக்கும்னு..."

"ராசம்மாவா? நாங்க மாத்தலாகிப் போறப்பத்தான் அவ குடிவந்தா. அபயம் கையாலே ஒரு வாய் காப்பி குடிச்சிருப்பாளோ என்னமோ. செத்தவங்களைக் குறை சொல்லுவாங்களா? ஒவ்வொரு வருஷமும் ஒரு பிடி சக்கரை சேத்திருப்பா."

பையனைப் பற்றியும் பேசினாள். நான் ஏதோ பதில் சொன்னேன். சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று பங்கஜம் கேட்பாள். சந்தோஷம் வரவில்லை. பாதி வழியில் யாரோ தலைச்சுமையை எடுத்துக்கொண்டால் முதலில் கழுத்துத்தான் வலிக்கும், அப்படி இருந்தது. பதினாறு வருஷம் நான் யாரோடு மல்லுக்கட்டினேன்? என்னைவிடப் பயந்த ஒரு பெண்ணோடு. அவள் இந்த வீட்டில், இதே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு கடிதம், அவள் வாயால் சொன்ன ஒரே ஒரு வரி வந்திருந்தால் போதுமே! நானும் "எனக்கும் உலை வைக்கத் தெரியாதக்கா" என்று எழுதியிருப்பேனே!

திரும்பி வரும்போது ரயிலில் தனம்தான் முதலில் பேசினாள்.

"அம்மா அப்பல்லாம் என் வயசுதானே சித்தி?"

"உன்னைவிட ஒரு வயசு கூட."

"எப்பவும் பயந்துக்கிட்டேவா இருந்தாங்க? இங்க வர்றதுக்கு முன்னாடியும்?"

அக்காவைப் பற்றி அவளுக்கு நான் எதுவும் சொன்னதேயில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குத் தவளை என்றால் உயிர் போய்விடும், மழைக்காலத்தில் கொல்லைக்குப் போக என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள், நான் வேண்டுமென்றே தவளை மாதிரிக் கத்துவேன் என்று சொன்னேன். தனம் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அன்றைக்கு ஒரு அம்மா போய் இன்னொரு அம்மா வந்திருக்க வேண்டும். எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

6

மறுநாள் அத்தான் வேலைக்குப் புறப்படும்போது சொன்னேன்: "தனம் ரெண்டு வருஷம் வேலை பாக்கட்டும். கிள்ளான்காரங்ககிட்ட அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

பதினாறு வருஷத்தில் நான் அவரிடம் 'சொல்லுங்க' என்று ஏவியது அதுதான் முதல் தடவை. அவர் செருப்பை மாட்டாமல் நின்றார்.

"நீ சொல்றியா? அவ சொல்லச் சொன்னாளா?"

"நான்தான் சொல்றேன்."

வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். நாலு நாள் பேச்சில்லை. பிறகு தானாகவே, "சரி, எழுதிக்கொடுக்கச் சொல்லு" என்றார்.

அந்த எழுத்தில்தான் சிக்கல் வந்தது. வேலைக்கு ஒரு பாரம் பூர்த்திசெய்ய வேண்டும். தகப்பனார் பெயர், தாயார் பெயர், இருவரும் உயிருடன் இருக்கிறார்களா என்று அதில் கேட்டிருந்தது. கூடவே குடும்பத்தைப் பற்றி ரயில்வே ஆபீஸ் கொடுத்த தாள் ஒன்றையும் இணைக்க வேண்டும். தனம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, இந்தத் தாள்ல அம்மா உயிரோட இருக்காங்க. நான் என்ன எழுதட்டும்?"

நான் சொன்னேன்: "ஆபீஸுக்குப் போவோம். சரியா எழுதச் சொல்லுவோம்."

"இத்தனை வருஷம் கழிச்சு என்னத்துக்கு? ஏன் மறைச்சேன்னு கேப்பான். ஆள் குறைக்கிற நேரம்."

"அவ செத்ததை ஒருத்தரும் எழுதலை. நான் இருக்கிறதையும் எழுதலை. ரெண்டு பேரையும் ஒரே ஒரு தடவை சரியா எழுதிடுங்க அத்தான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் மறைக்கணும்னு மறைக்கலை" என்றார். "அந்தக் கிராணி அபயாம்பாள்னு படிச்சான். இல்லை, செத்துப்போயிட்டான்னு சொல்லணும். வாய் வரலை. வெளியூர்லே, முன்னே பின்னே தெரியாத ஆளுக்கு முன்னாடி... சொல்லிட்டா நிஜமாயிடும்போல இருந்துச்சு. அடுத்த மாசம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நான் அந்த வாசற்படியில்தானே நின்றேன்? ஆனால் அத்தனை வருஷமும் குழம்பை வாயில் வைத்து அவர் நிறுத்திய அந்த நொடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அதில் ஒப்பீடு இல்லை. வெறும் துக்கம்தான். நான்தான் அதைத் தராசாக்கி வைத்திருந்தேன்.

ஆபீஸுக்கு நான்கு தடவை நடந்தோம். முதலில் கல்யாணத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். ஊரிலிருந்து அப்பா எழுதி, கோயில் குருக்கள் கையெழுத்துப் போட்டு வந்தது. பிறகு மரணத்துக்குச் சாட்சி கேட்டார்கள். நாகம்மாளால் வர முடியாது, ராசம்மா அக்காதான் வந்து சொன்னாள். இப்போதிருக்கும் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இவ்வளவு காலமும் இந்த அம்மா எங்க இருந்தவ?" என்று கேட்டார்.

"இங்கேதாங்க இருந்தேன்" என்றேன்.

அத்தானுக்கு ஒரு கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். வேலைக்குப் பங்கமில்லை. அக்காவின் பெயர் மேல் கிராணி சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் என் பெயரை எழுதினார். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. தந்தி வந்த பிறகு குழந்தைக் கவலையிலும் கல்யாணப் பேச்சிலும் நான் சரியாக அழவில்லை. அந்தக் கிராணியின் மேஜைக்கு முன்னால் அழுதேன். அவர் பாவம், கண்ணாடியை இறக்கிவிட்டு வேறு தாளைப் பார்க்க ஆரம்பித்தார்.

7

கிள்ளான்காரர்கள் பொறுக்கவில்லை. பையனுக்குப் பண்டமாரானிலேயே வேறு பெண் அமைந்துவிட்டது. செய்தி வந்த அன்று அத்தான், "அபயம் இருந்தா..." என்று ஆரம்பித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

தனம் வேலைக்குப் போய் இரண்டு மாதமாகிறது. சின்னப் பிள்ளைகள் சிலேட்டை உடைக்கிறார்களாம், தொண்டை கட்டிப்போகிறதாம். வந்ததும் படுத்துவிடுகிறாள். என்னோடு முன்னைவிட அதிகம் பேசுகிறாள் என்று எழுத ஆசைதான். சில நாள் பேசுகிறாள், சில நாள் இல்லை.

முந்தாநாள் மழை பிடித்துக்கொண்டது. நான் கொல்லையில் துணியை வாரிக்கொண்டிருந்தேன். தனம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் நனைந்த செருப்போடு நாற்காலியில் அப்படியே சாய்ந்து கிடந்தாள். எதிர்வீட்டில் ராசம்மா அக்காவின் மகள் லீலா ஓடி ஓடித் தன் அம்மாவுக்கு உதவி செய்துகொண்டிருந்தாள். எனக்கு இடுப்பு வலி. வாய்க்கு வந்துவிட்டது.

"அந்த லீலாவைப் பார்! அவளும் பொண்ணுதானே? அவங்கம்மாவுக்கு எப்படிக் கூடமாட நிக்கறா!"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அப்பாவின் குரல் அப்படியே இருந்தது. தனம் எழுந்திருக்கவில்லை, கோபிக்கவுமில்லை. களைத்த குரலில்தான் சொன்னாள்.

"லீலாவைப் பாத்தாச்சு சித்தி. என்னையும் கொஞ்சம் பாருங்க."

துணிக்கட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் சாக்குக்கட்டி வெள்ளை. ஒரு காலில் செருப்பு கடித்த காயம். தொண்டை கட்டிப் பேச்சு பாதிதான் வருகிறது. கண்ணைச் சுற்றிக் கருப்புத் தட்டியிருந்தது. எத்தனை நாளாக அப்படி இருக்கிறதோ, நான் கவனிக்கவில்லை. அக்கா ஜாடை இருக்கிறதா, என் ஜாடை இருக்கிறதா என்று தேடாமல் அந்த முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வெளியே மிச்சத் துணி நனைந்துகொண்டிருந்தது. நனையட்டும் என்று விட்டுவிட்டு, அவள் காலுக்கு மருந்து போட உட்கார்ந்தேன்.